தானாக ஆறும் காரை: பழைய சுவரில் கைவைக்கும்முன்

போன மாதம் காரைக்குடி பக்கம் ஒரு பழைய வீட்டில், பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் சுவர் விரிசலில் பாக்டீரியா கலந்த சிமெண்டை அடைத்துக்கொண்டிருந்தார். ஏழெட்டு வருடத்துக்கு முன் நான் செய்த அதே காரியம். பார்த்ததும் மனசு பதறிவிட்டது. சுண்ணாம்பைச் சலிப்பது, செங்கல்களுக்கு இடையிலுள்ள சந்துகளைக் கழுவுவது போன்றவற்றை எந்தக் கொத்தனாரும் சொல்லித் தருவார். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

சுண்ணாம்புச் சுவருக்குள் சிமெண்ட்

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஹென்க் யோங்கர்ஸ் உருவாக்கிய பாக்டீரியா கான்கிரீட் அருமையான விஷயம். விரிசல் வழியே தண்ணீர் புகுந்ததும், உறங்கிக் கிடக்கும் பாக்டீரியா விழித்துச் சுண்ணாம்புக்கல்லை உண்டாக்கி அதை அடைக்கும். ஆனால் அது கான்கிரீட்டுக்காகச் செய்தது. சுண்ணாம்புக் காரைக்கோ ஆறும் குணம் இயல்பிலேயே உண்டு. மழைநீர் காரையில் மிச்சமிருக்கும் சுண்ணாம்பைக் கரைத்து மயிரிழை விரிசலுக்குக் கொண்டுபோகும். அங்கே காற்றிலுள்ள கரியமில வாயு பட்டு அது கல்லாக உறையும். ஈரம் உள்ளே வந்து வெளியே போனால்தான் இது நடக்கும்.

நான் அந்த வழியைத்தான் அடைத்தேன். விரிசல் அழகாக மூடியது, வீட்டுக்காரருக்கும் சந்தோஷம். இரண்டாவது ஐப்பசி மழை முடிந்ததும், அடைத்த இடத்துக்கு மேலும் கீழும் செங்கல் பொரிந்து செதில் செதிலாகக் கொட்டியது. சந்து வழியாக வெளியேற முடியாத ஓதம் செங்கல் வழியாகக் காய்ந்திருக்கிறது. அதோடு வந்த உப்பு செங்கல் முகத்துக்குள் படிகமாகி அதை உரித்துவிட்டது. நான் போட்டது கெட்டியாக அப்படியே இருந்தது, நூறு வருடத்துச் செங்கல்தான் போனது. உளியால் எடுக்கப் போனால் சிமெண்டோடு செங்கல் விளிம்பும் பெயர்ந்து வந்தது. மூன்று நாளில் போட்டதைப் பிரித்துச் சரிசெய்ய ஒரு மாதம் ஆனது. இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது. அந்தச் செங்கல் அளவில் இப்போது யார் சூளை போடுகிறார்கள்?

பாக்டீரியாவே கூடாது என்று சொல்லவில்லை. பிரான்ஸில் துவார் என்ற ஊரின் தேவாலயக் கோபுரத்தில் 1993-லேயே பாக்டீரியாவை நேரடியாகச் சுண்ணாம்புக்கல் மேல் பயன்படுத்தினார்கள். அங்கே நடுவில் சிமெண்ட் கிடையாது.

தம்பியின் கலவையை இறுகும் முன்பே சுரண்டி எடுத்துவிட்டோம்.

ரோமானியச் செய்தியைப் படித்துவிட்டு

பழங்கால ரோமானியக் கான்கிரீட்டில் காணப்படும் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள்தான் அதன் விரிசலை ஆற்றுகின்றன என்று 2023-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர் அட்மிர் மாசிக் குழுவினர் காட்டினார்கள். அவர்களுடைய சோதனையில் அரை மில்லிமீட்டர் விரிசல் இரண்டு வாரத்தில் அடைபட்டது. சரி, அதைப் படித்துவிட்டு தண்ணீர் விட்டு நீற்றாத சுண்ணாம்புக் கட்டியை மெல்லிய பூச்சில் கலக்காதீர்கள். அது பிறகு ஈரம் குடித்துப் பருத்து, பூச்சைக் குழிகுழியாகத் தெறிக்க வைக்கும். கலக்கும்போது கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

அசையும் விரிசல்

விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி ஒரு மழைக்காலம் பாருங்கள். உடைந்தால் அஸ்திவாரத்தைக் கவனியுங்கள்.

சித்திரை வெயில்

பூசிய காரை சட்டென்று காய்ந்துவிடாமல் ஈரச் சாக்கு கட்ட ஆள் இல்லையென்றால் அன்று பூச வேண்டாம்.