டெல்டாவில் கேரவன் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறுகள்

கார்த்திகை மாதம். நான்கு நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்த பிறகு வண்டியின் கதவைத் திறந்தேன். ஊறிய சாக்கு மாதிரி ஒரு வாடை வந்தது. படுக்கையின் தலைமாட்டில், கூரையும் பக்கச்சுவரும் சேருகிற மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். டீயில் நனைத்த ரஸ்க் போல விரல் உள்ளே போனது. உள்பக்கம் ஒரு சொட்டுக்கூட ஒழுகியதில்லை. ரெக்ஸினுக்குப் பின்னால் பிளைவுட் மட்டும் எத்தனை மாதமாக நனைந்துகொண்டிருந்ததோ. அதைப் பிரித்து மாற்ற ஆன செலவில் கூரை முழுவதற்கும் நான்கு முறை சீலண்ட், அதாவது இடுக்கை அடைக்கும் பசை, போட்டிருக்கலாம்.

நான் இருப்பது மன்னார்குடிப் பக்கம். ஏழு ஆண்டாக ஒரு கேரவன் வைத்திருக்கிறேன். பழைய டிராவலர் வேனில் பாடி கட்டி, கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்தது. நம் பக்கம் இப்போது நிறைய பேர் இப்படி வண்டி கட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் பலரும் இதைக் கட்டில் போட்ட கார் என்று நினைக்கிறார்கள். இது ஒரு வீடு. கூரை, தண்ணீர்க் குழாய், கரண்ட், கேஸ், கழிவு என்று வீட்டுக்கு உள்ளதெல்லாம் இதற்கும் உண்டு, அதோடு குலுங்கிக்கொண்டே ஓடவும் வேண்டும். கேரவன் ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். அதுவும் நம் ஊர் ஈரத்தில் நின்றால் இரண்டு மடங்கு கெடும்.

கட்டுவதற்கு முன்

முதல் தவறு பட்டறையில் தொடங்குகிறது. பழைய வேன் ஒன்றை வாங்கி, கரூரிலோ வேறு எங்கோ பாடி கட்டக் கொடுத்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு ஆர்.சி. புத்தகத்தைப் பற்றி யோசிப்பது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. ஆகவே முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்து அனுமதி வாங்குங்கள், அப்புறம் ஸீட்டைக் கழற்றுங்கள். வேலை முடிந்ததும் ஆர்.சி.யில் வண்டியின் வகை மாறியிருக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பன்னிரண்டு ஸீட் வேன் என்று பாலிசி இருந்து, உள்ளே கேஸ் அடுப்பும் இன்வெர்ட்டரும் இருந்தால், ஏதாவது நடந்தபின் பணம் கிடைக்கும் என்று நம்ப முடியாது. சொந்த உபயோகத்துக்குப் பதிந்த வண்டியை வாடகைக்கு விடுவதும் இதே வகைத் தவறுதான்.

அடுத்தது எடை. 7,500 கிலோ மொத்த எடைக்குள் இருந்தால் சாதாரண கார் லைசென்ஸ் போதும் என்பதால் பலர் எடையைப் பற்றி அதற்குமேல் கவலைப்படுவதில்லை. ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் கம்பெனி சொன்ன அதிகபட்ச எடை தனியாக உண்டு. அது ஆர்.சி.யிலேயே இருக்கும். 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் 200 கிலோ. பிளைவுட் அலமாரி, பேட்டரி, ஏ.சி., குடும்பத்தோடு நாலு பேர், மாமியார் கொடுத்தனுப்பும் அரிசி மூட்டை எல்லாம் சேர்த்துப் பாருங்கள். நம் ஊரில் அரிசி ஆலை இருக்கும் இடமெல்லாம் எடைமேடை இருக்கிறது. முழுச் சுமையோடு ஒரு முறை ஏற்றிப் பார்ப்பதற்குப் பெரிய செலவு கிடையாது. முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வண்டியில் மொத்த எடை சரியாக இருந்தது, பின் அச்சில் மட்டும் கூடுதல். தண்ணீர்த் தொட்டியை நடுவுக்கு நகர்த்திய பிறகுதான் ஸ்டீயரிங் தெளிவாக நின்றது.

மழையும் ஈரமும்

இனிமேல் சொல்வதுதான் டெல்டாக்காரர்களுக்கு முக்கியம்.

ஒழுகினால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். தண்ணீர் உள்ளே சொட்டுகிற நேரத்தில் மரம் உளுத்துப் போயிருக்கும். வருஷத்துக்கு இரண்டு முறை, ஆவணியில் ஒன்று, மழை முடிந்து தை மாதம் ஒன்று என்று கூரைமேல் ஏறிப் பாருங்கள். ஏ.சி. உட்காரும் இடம், சோலார் பலகையின் ஆணிகள், காற்றுப்போக்கி, ஜன்னல் ஓரங்கள், பின்விளக்குகள். சீலண்ட் வெடித்தோ விளிம்பு தூக்கியோ இருந்தால் பழையதை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். பழையதன்மேலேயே பூசுவது பெரிய தவறு, அடியில் தண்ணீர் போகும் வழி அப்படியேதான் இருக்கும். கடையில் கிடைக்கும் சாதா சிலிக்கானும் வேண்டாம். ஒருமுறை போட்டுவிட்டால் அந்த இடத்தில் பிறகு எந்தப் பசையும் சரியாக ஒட்டாது. வண்டிக் கண்ணாடி ஒட்டப் பயன்படும் பாலியூரித்தேன் வகை குலுங்கினாலும் விடாது. ஆனால் பிறகு கழற்ற வேண்டிய பொருளுக்கு அதைப் போட்டுவிடாதீர்கள்.

தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டுவதும் தவறு. மழை உள்ளே போகாது, உள்ளே இருக்கும் ஈரமும் வெளியே வராது. இரண்டு வாரத்தில் மெத்தையின் அடியில் பூஞ்சை பிடிக்கும். தகரக் கொட்டகைதான் நல்லது. பக்கங்கள் திறந்து, கூரை மட்டும் இருந்தால் போதும். மழை இல்லாத பொழுதில் ஜன்னல்களைத் திறந்து, மெத்தையை நிமிர்த்தி வைத்து, அலமாரிக் கதவுகளையும் ஃபிரிட்ஜ் கதவையும் சற்றே திறந்து விடுங்கள்.

நிறுத்தும் இடத்தை ஐப்பசிக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். நம் களிமண் புரட்டாசியில் சிமெண்ட் தரை போல இருக்கும், ஐப்பசியில் நாலு டன் வண்டியை அச்சு வரை வாங்கிக்கொள்ளும். செங்கல் ஜல்லி கொட்டி மேடாக்கிய இடம் வேண்டும். தென்னையின் அடியில் நிழல் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வந்த இரவைப் பார்த்தவர்கள் யாரும் அங்கே வண்டி விடமாட்டார்கள். புயல் இல்லாத நாளிலும் ஒரு நெற்று விழுந்தால் சோலார் பலகை போய்விடும்.

எலியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சம்பா அறுப்பு முடிந்ததும் வயலில் இருக்கும் எலிகள் வைக்கோல் போருக்கு வரும். எங்கள் வண்டியைத் தை மாதம் களத்து மேட்டில் போருக்குப் பக்கத்தில் விட்டு, சித்திரையில் எடுத்தபோது டேஷ்போர்டு ஒயரிங் பாதி இல்லை. கட்டிலுக்கு அடியில் வைக்கோலும் பஞ்சும் சேர்த்துக் குட்டி போட்டிருந்தது. எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டு, "அண்ணே, ஒயர் மாத்துறது பெருசில்ல, குழாய் போற ஓட்டைய அடைக்காம விட்டா அடுத்த வருஷமும் நான்தான் வரணும்" என்றார். அவர் சொன்னது சரி. தரையில் குழாயும் ஒயரும் போகிற ஒவ்வொரு ஓட்டையையும் இரும்பு வலை வைத்து அடைத்தோம். அரிசி, பருப்பு, பிஸ்கட் எதையும் நிற்கும் வண்டியில் விட்டு வைப்பதில்லை. அதன்பின் எலி வரவில்லை.

கடற்கரைப் பக்கம் போய்வந்தால் இன்னொரு வேலை இருக்கிறது. வேளாங்கண்ணியிலோ கோடியக்கரையிலோ இரண்டு இரவு நின்றுவிட்டு வந்தால் சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) முழுக்க உப்பு படிந்திருக்கும். வேதாரண்யத்தில் உப்பளத்துக்குப் பக்கத்தில் காற்றிலேயே அதை உணரலாம். திரும்பியதும் வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அங்கேயே கழுவிவிடலாம் என்று கரையோரத்து போர் தண்ணீரை அடித்தால் மறுபடியும் உப்புத்தான். பேட்டரி முனைகளில் பச்சையாகப் பூத்திருந்தால் துடைத்துவிட்டு வாஸ்லின் தடவுங்கள்.

தொட்டிகள்

குடிநீர்த் தொட்டியில் பழைய தண்ணீரைத் தேக்கி வைக்காதீர்கள். பயணம் முடிந்ததும் வடித்துவிட்டு மூடியைத் திறந்து வைக்க வேண்டும். மறுபடி கிளம்பும் முன் 100 லிட்டருக்கு 15 கிராம் வீதம் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றித் தொட்டியை நிரப்பி, எல்லாக் குழாயிலும் அந்த வாசனை வரும்வரை திறந்துவிட்டு, நாலைந்து மணி நேரம் கழித்து வடித்து, இரண்டு முறை அலசினால் போதும்.

கழிவுத் தொட்டி விஷயத்தில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. இரவில் வாய்க்கால் ஓரம் நிறுத்திக் குழாயைத் திறந்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். அந்த வாய்க்கால் அங்கே முடிவதில்லை. கீழே கடைமடையில் ஒருவர் அதில் குளிப்பார், ஒரு பெண் பாத்திரம் கழுவுவார், மாடு குடிக்கும். குளியல், சமையல் தண்ணீரைக்கூட அதில் விடக் கூடாது. கழற்றி எடுக்கும் பெட்டி வைத்த கழிப்பறை என்றால் வீட்டு செப்டிக் டேங்கில் கொட்டலாம். ஆனால் அதற்கு ஊற்றும் ரசாயனத்தில் ஃபார்மால்டிஹைடு இருந்தால் செப்டிக் டேங்கில் கழிவை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும், லேபிளைப் படித்து வாங்குங்கள். வண்டியோடு சேர்ந்த பெரிய தொட்டி என்றால் கழிவு எடுக்கும் லாரியைக் கூப்பிடுவதுதான் வழி. அந்தத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்தால் நீர் மட்டும் ஓடிக் கட்டி தங்கிவிடும். முக்கால் தொட்டி நிறைந்த பிறகு மொத்தமாகத் திறக்க வேண்டும்.

கரண்டும் கேஸும்

ஏ.சி.யை இரவு முழுக்க பேட்டரியில் ஓட்டலாம் என்று விற்பவர் சொல்வார். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட், 200 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டு என்றால் 4,800 வாட் மணி. சாதா லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும். மிச்சம் 2,400. ஒரு டன் ஏ.சி. கிட்டத்தட்ட 1,000 வாட் இழுக்கும். இரண்டு மணி நேரம்தான் ஓடும். லித்தியம் என்றால் கூடுதலாக வரும், ஆனால் பழைய சார்ஜரை அப்படியே மாட்டக் கூடாது. நிற்கும் வண்டியில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, மாதம் ஒருமுறை மீட்டர் வைத்துப் பாருங்கள். லெட் ஆசிட்டில் 12.7 வோல்ட் வந்தால் நிறைவு. 12.1-க்குக் கீழே என்றால் அன்றே சார்ஜ் போடுங்கள்.

சமையல் கேஸ் காற்றைவிட கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். ஆகவே சிலிண்டர் அறைக்கு அடியில் வெளியே போகும் ஓட்டை வேண்டும். எறும்பு வருகிறது, தூசி வருகிறது என்று அதை அடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அடைக்காதீர்கள், கம்பி வலை வையுங்கள். குலுக்கலில் குழாய் சீக்கிரம் தேயும், ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் சோப்பு நுரை வைத்துப் பாருங்கள்.

ஜெனரேட்டர் ஓடும்போது உள்ளே தூங்கவே கூடாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனில் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்ஸைடு உள்ளே நுழைந்ததுதான் காரணம். அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்தில் எழுப்பவும் செய்யாது. அதைக் கண்டுபிடித்து அலறும் சின்னக் கருவி ஒன்றைப் படுக்கைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் அதையே செய்யுங்கள்.

கிளம்பும்போது

டயரின் பட்டன் (சாலையில் படும் மேடு பள்ளம்) தேயவில்லை என்று பத்து வருஷம் ஓட்டுவது கேரவன்காரர்களுக்கே உரிய தவறு. பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. ஆறு வருஷம் தாண்டியிருந்தால் பட்டன் புதிதாகவே இருந்தாலும் மாற்றிவிடுங்கள். நிறுத்தி வைத்த வண்டியை அங்கேயே ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பதும் பயனில்லாதது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முப்பது கிலோமீட்டர் ஓட்டுங்கள். பி.எஸ்.6 டீசல் வண்டியின் புகை வடிகட்டியும் சுத்தமாகும், பிரேக்கும் துருப்பிடித்து ஒட்டாது. நீண்ட நாள் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைக்காமல், கியரில் போட்டுச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுங்கள்.

ஆற்றுப் படுகையில் இரவு தங்குவது அழகுதான். ஆனால் மேட்டூர் திறந்தால் மூன்று நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிடும். வழக்கமாக ஜூன் 12, மழை நல்ல வருஷத்தில் வேறு எந்த நாளும். அந்தச் செய்தியைப் பார்க்காமல் மணலில் வண்டியை இறக்காதீர்கள். கரைச் சாலைகளில் இரண்டு வண்டி ஒதுங்க இடமிருக்காது, கரையின் ஓரம் மழையில் இளகியிருக்கும். எதிரே வைக்கோல் லாரி வந்தால் நீங்கள் நின்றுகொள்ளுங்கள், அவரை ஓரம் போகவிடுங்கள்.

பங்குனியில் உளுந்தையும் பயறையும் செடியோடு சாலையில் பரப்பியிருப்பார்கள், போகிற வண்டிகள் மிதித்துக் கொடுக்கட்டும் என்று. தவிர்க்க முடிந்தால் வேறு வழியில் போங்கள். அதன்மேல் போகத்தான் வேண்டும் என்றால், தாண்டியதும் நூறடி தள்ளி நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே குனிந்து பாருங்கள். காய்ந்த கொடி, அடியில் சுழலும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் என்ற தண்டில் சுற்றிக்கொண்டு, சூடான புகைக்குழாயில் பட்டால் தீப்பிடிக்கும், மேலே பிளைவுட்டும் மெத்தையும் கேஸும் இருக்கின்றன. வண்டியில் எப்போதும் ஒரு கொக்கிக் கம்பியும், கதவுக்குப் பக்கத்தில் கைக்கு எட்டும் இடத்தில் தீயணைப்பான் ஒன்றும் வைத்திருங்கள்.