இலங்கையின் வன்னியில் கள்ளுச் சுவைப் பயணம்

பனங்கள்ளுக்கு மாசி தொடக்கம் ஆனி வரை வாருங்கள். போயா (முழுநிலவு) நாளில் தவறணை, அதாவது கள்ளுக்கடை, பூட்டு. முதலில் கலண்டரைப் பாருங்கள்.

விடியலில் இரணைமடுக் குளத்தின் அல்லது வவுனிக்குளத்தின் அணைக்கட்டில் நடந்து பாருங்கள். பொழுதுபட்டால் யானை வரும். மண்டையோட்டுப் பலகை கண்டால் அது மிதிவெடி நிலம், பாதையை விட்டு ஓரடியும் விலகாதீர்கள்.

கள்ளு, காலையில் இறக்கியதுதான். மரத்தில் கட்டிய முட்டியிலேயே (பானையிலேயே) புளிக்கத் தொடங்கிவிடுவதால் பின்னேரம் இனிப்புக் குறைந்து வெறி ஏறும், மறுநாள் காடி. முதலில் சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கிய கருப்பணி (புளிக்காத பதநீர்), பிறகு பனங்கள்ளு, கடைசியில் தென்னங்கள்ளு என அரைப் பிளா (பனையோலைக் குவளை) வீதம் சுவைத்தால் வித்தியாசம் நாக்கில் நிற்கும். வாகனம் ஓட்டுபவர் கருப்பணியோடு நிறுத்தட்டும். போத்தலில் கொண்டுபோனால் மூடியை இறுக்காதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கும்.

வெறும் வயிறு கூடாது. விரால் மீன் குழம்பும் குரக்கன் புட்டும் அருமையான துணை.