கிற்றார் பற்றரி: மாற்றும்போது விடக்கூடாத பிழைகள்

உப்புவெளி விடுதி மேடையிலோ, திருகோணமலை நகரத் தேவாலயப் பாடற்குழுவிலோ, பாட்டு நடுவில் கிற்றார் ஒலி மெலிந்து கரகரத்தால் முதலில் அம்பில்தான் (ஒலியைப் பெருக்கும் அம்ப்ளிஃபயரில்) எல்லோருக்கும் சந்தேகம். பிறகு வயரை மாற்றுவார்கள். தந்தியின் அதிர்வை மின்னொலியாக்கும் பிக்கப் போய்விட்டதென்று திருத்தக் கொடுப்பவர்களும் உண்டு. அதற்கெல்லாம் முன் கிற்றாருக்குள் இருக்கும் பிரீஅம்பை, அதாவது ஒலியை அம்புக்கு அனுப்புமுன் வலுவாக்கும் சிறு சுற்றை, ஓட்டும் பற்றரியைப் பாருங்கள். பத்து நிமிடம் வாசித்துவிட்டுக் கழற்றிய கையோடு மல்ரிமீற்றரில் அளக்க வேண்டும். ஓய்வெடுத்த பற்றரி சற்று ஏறி நல்லதுபோல் காட்டும். புதிய 9 வோல்ற் அல்கலைன் 9 க்கு மேல் காட்டும். 8 க்குக் கீழே இறங்கியதை நிகழ்ச்சிக்கு நம்ப வேண்டாம்.

பற்றரி அடிக்கடி தீர்ந்தால் கடைக்காரரைக் குறை சொல்லாதீர்கள். அநேகமான கிற்றார்களில் வயர் செருகும் ஜக்தான் சுவிட்ச். செருகியதும் பற்றரியின் எதிர்முனை இணைந்து பிரீஅம்ப் உயிர்க்கிறது. அம்பை அணைத்தாலும் சத்தத்தைப் பூச்சியத்துக்குக் குறைத்தாலும் அது நிற்காது. வயரோடு ஸ்டாண்டில் நிறுத்திவைத்த கிற்றார் இரவு முழுக்கப் பற்றரியைத் தின்றுகொண்டிருக்கும். வாசித்து முடிந்ததும் வயரை உருவிவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். சில பிரீஅம்புகளில் சுருதி பார்க்கும் ரியூனர் வயர் இல்லாமலும் ஓடும், அதையும் அணைக்க வேண்டும்.

வாங்கும்போது 6எல்ஆர்61 என்று எழுதிய அல்கலைனைக் கேளுங்கள். 6எஃப்22 என்றிருப்பது மலிவான சிங்க் கார்பன். சீக்கிரம் தளரும், தீர்ந்தபின் ஒழுகும் ஆபத்தும் கூட. சார்ஜ் பண்ணும் 9 வோல்ற் பற்றரிகள் சில உண்மையில் 8.4 அல்லது 7.2 வோல்ற்தான், பற்றரி குறைந்ததைக் காட்டும் விளக்கு முன்னதாகவே எரிந்து குழப்பும். எல்லாக் கிற்றாரும் 9 வோல்ற் அல்ல: யமஹாவின் சில வகைகளில் இரண்டு ஏஏ. கடைக்குப் போகுமுன் கிற்றாரின் பற்றரிப் பெட்டியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

பூட்டும்போது அவசரம் கூடாது. 9 வோல்ற்றில் சிறிய வட்டக் குமிழ் நேர்முனை, அகன்ற பூவிதழ் போன்றது எதிர்முனை. மாறித் தொட்டுப் பார்ப்பதே சில பிரீஅம்புகளைக் கெடுக்கப் போதும். கழற்றும்போது கிளிப்பின் பிளாஸ்திக்கைப் பிடித்து நெம்புங்கள். மெல்லிய சிவப்பு, கறுப்பு வயரை இழுத்தால் ஈயப்பற்று விட்டுப்போகும். பற்றரி ஒலித்துளைக்குள் பையில் இருந்தால் நடுத் தந்திகளை மட்டும் தளர்த்திக் கையை விடலாம், எல்லாவற்றையும் கழற்றத் தேவையில்லை. பையின் ஒட்டுப்பட்டியை இறுக்கி மூடுங்கள், இல்லாவிட்டால் பற்றரி விழுந்து உட்பலகையில் அடிக்கும்.

திருகோணமலையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடலுப்பும், ஐப்பசி தொடங்கி வரும் மாரி ஈரமும் உலோக முனைகளை விரைவாய்க் கறுப்பாக்கும். தீர்ந்த பற்றரியை உள்ளே விட்டால் ஒழுகி, அதே வேலையை இரட்டிப்பாய்ச் செய்யும். சில வாரம் வாசிக்காவிட்டால் கழற்றிவையுங்கள். அல்கலைன் ஒழுகி வெள்ளையாய்ப் பூத்திருந்தால் அது காரம்: பஞ்சுக்குச்சியில் ஒரு துளி வினாகிரி அல்லது தேசிக்காய்ச் சாறு தொட்டுத் துடைத்து, பின் அற்ககோலால் துடைத்து நன்றாகக் காயவிட வேண்டும். கையுறை போடுங்கள், மரத்தில் படவிடாதீர்கள்.

மேலதிகப் பற்றரியைச் சாவி, சில்லறையோடு பைக்குள் போடாதீர்கள். இரண்டு முனையும் ஒன்றாய்த் தொட்டால் சூடேறும். வாங்கிய மூடியோடேயே வைத்துக்கொள்ளுங்கள். பூட்டி முடிந்ததும் அம்பின் சத்தத்தைக் குறைத்துவிட்டே வயரைச் செருகுங்கள், அந்த ‘டொப்’ சத்தம் ஸ்பீக்கருக்குக் கூடாது.