முலாம் பூசிய பைரவர் முகத்தைப் பராமரிக்கும் முறை

தில்லியின் மே மாதப் புழுதிக்காற்று ஓய்ந்ததும் பூஜை அறை விளக்குகளோடு நேபாளத்துப் பைரவரின் தங்க முலாம் பூசிய செம்பு முகவடிவத்தையும் புளி போட்டுத் துலக்கத் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பழைய முறையில் தங்கத்தைப் பாதரசத்தோடு குழைத்துச் செம்புத் தகட்டில் பூசி, சூடேற்றிப் பாதரசத்தை ஆவியாக்கிப் படியவைத்த முலாம் மிக மெல்லியது. ஆர்.கே. புரத்து வீட்டில் நான் ஒருமுறை அழுத்தித் தேய்த்ததில் மூக்கு நுனியில் பொன் போய்ச் செம்பின் சிவப்பு தெரிந்தது. அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

முகத்தைப் பஞ்சுத் துணிமேல் கவிழ்த்து முதலில் பின்புறத்தைப் பாருங்கள். தகட்டைத் தட்டி எழுப்பிய வேலையானால் கோரைப்பற்களும் நெற்றிக்கண்ணும் அங்கே குழிகளாகத் தெரியும். பிறகு முன்புறத்தை உலர்ந்த மென்மயிர்த் தூரிகையால் மேலிருந்து கீழாக மெல்லத் தட்டிவிடுவதே போதும். மண்டையோட்டு மகுடத்தின் இடுக்கில் உறைந்த குங்குமம் வழிபாட்டின் தடம் என்பதால் அதைச் சுரண்ட வேண்டாம்.

வாயில் துளை இருந்தால் அதைப் பழுதென்று அடைத்துவிடாதீர்கள். காத்மாண்டின் இந்திர ஜாத்திரைத் திருவிழாவில் சுவேத (வெள்ளை) பைரவர் முகத்தின் வாய்வழியே குழாயில் அரிசி மது பிரசாதமாகப் பாய்கிறது. நூறாண்டுக்கு மேற்பட்ட முகமானால் இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி பதிவு செய்யுங்கள்.