பழைய ஜாஸ் இசைத்தட்டுகள்: எது அரியது, எது விலைபெறும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில், வானொலியும் இசைத்தட்டுக் கருவியும் ஒன்றாக அமைந்த பழைய ரேடியோகிராமின் அடியறையைத் திறந்தால், பக்திப் பாடல்களுக்கும் திரைப்பாட்டுகளுக்கும் நடுவே ஜாஸ் இசைத்தட்டுகள் சில செருகிக் கிடப்பதைக் காணலாம். 1950களிலும் 60களிலும் டர்பனின் கிரே தெருப் பகுதியில் வளர்ந்த தலைமுறையில் ஜாஸை ஆசையோடு கேட்டவர்கள் இருந்தார்கள். இனவாரியாக வாழிடங்களைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தால் வீடிழந்து சாட்ஸ்வொர்த்துக்குக் குடிபெயர்ந்தபோதும் தட்டுகளை விடாமல் எடுத்துச் சென்றார்கள். இப்போது பெரியவர்கள் காலமாகி வீடு ஒழிக்கப்படும்போது அவை பெட்டி பெட்டியாக அற்ப விலைக்குக் கைமாறுகின்றன. அந்தப் பெட்டிகளைப் புரட்டுகிறவர் எதை எடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்று முடிவுசெய்ய உதவுவதே இக்குறிப்பின் நோக்கம்.

பழையது என்பதற்காக மட்டும் எந்தத் தட்டும் விலைபோவதில்லை. அரியது என்பதற்காக மட்டும் விலைபோவதுமில்லை. அதைத் தேடி அலைகிறவர்கள் இருக்க வேண்டும், குறிப்பிட்ட அந்தப் படி நல்ல நிலையிலும் இருக்க வேண்டும். தென்னாப்பிரிக்க ஜாஸிலேயே இதற்குச் சான்று உண்டு. டாலர் பிராண்ட் என்று அப்போது அறியப்பட்ட பியானோ கலைஞர் அப்துல்லா இப்ராகிம் 1974இல் கேப்டவுனில் பதிவுசெய்த ‘மானன்பர்க்’ இந்நாட்டு ஜாஸின் புகழ்பெற்ற தட்டு. ஆனால் அது ஏராளமாக விற்று மீண்டும் மீண்டும் அச்சிடப்பட்டதால், பழைய படி ஒன்றைக் கண்டெடுப்பது அவ்வளவு கடினமல்ல. மாறாக, அவரும் ஹியூ மசகேலா, ஜோனஸ் குவாங்வா, கிப்பி மொகெட்சி முதலியோரும் சேர்ந்த ஜாஸ் எபிசல்ஸ் குழு 1960இல் கான்டினென்டல் நிறுவனத்தில் வெளியிட்ட ஒரே தட்டு 500 படிகளே அச்சானதாகச் சொல்லப்படுகிறது. குழுவின் பெரும்பாலோர் பின்னர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். வரலாற்றுச் சிறப்பும் படிகளின் குறைவும் ஒன்றுசேர்ந்ததால் அதன் விலை எட்டாத உயரத்தில் நிற்கிறது.

நம்மவர்கள் தனிக்கவனம் செலுத்த வேண்டிய தட்டு ஒன்று உண்டு. சாக்ஸபோன் கலைஞர் வின்ஸ்டன் மன்குங்கு 1968இல் வெளியிட்ட ‘யக்கால் இன்கோமோ’வில் பியானோ வாசித்தவர் லயனல் பிள்ளை. அவருடைய சொந்தப் பெயரிலும் ‘தி சன்’ என்ற நிறுவனப் பெயரில் தட்டுகள் வந்திருக்கின்றன. தமிழ்ப் பெயர் ஒன்று உலகெங்கும் சேகரிப்போர் தேடும் தட்டின் உறையில் இருப்பது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது. இத்தட்டுகள் நம் வீடுகளிலிருந்து விவரம் தெரியாமல் வெளியேறிவிடக் கூடாது என்ற கவலையும் அதனால்தான்.

கையில் ஒரு தட்டு கிடைத்ததும் முதலில் கண்டறிய வேண்டியது, அது எந்த அச்சு என்பது. ஒரே உறை, ஒரே பாட்டு, ஒரே கலைஞர். ஆனாலும் முதல் அச்சுக்கும் மறு அச்சுக்கும் விலையில் பத்து மடங்கு வேறுபாடு இருக்கலாம். உறையில் அச்சிட்ட ஆண்டை மட்டும் நம்பாதீர்கள்; மறுபதிப்புகளிலும் அதே ஆண்டு இருக்கும். தட்டின் நடுவே ஒட்டிய லேபிளையும், கடைசிப் பாட்டு முடிந்து லேபிள் தொடங்குமிடம் வரை உள்ள வெற்று வளையத்தையும் பாருங்கள். அவ்வளையத்தில் கையால் கீறியோ முத்திரையாகக் குத்தியோ எண்களும் எழுத்துகளும் இருக்கும்.

அமெரிக்க ஜாஸ் நிறுவனமான புளூ நோட்டின் தட்டுகளை வைத்து இதைப் பழகிக்கொள்வது எளிது. லேபிளில் ‘767 லெக்சிங்டன்’ என்ற முகவரி இருந்தால் 1950களின் நடுப்பகுதி; ‘47 வெஸ்ட் 63’ என்றால் 1957 முதலான சில ஆண்டுகள்; ‘நியூயார்க் யு.எஸ்.ஏ.’ என்று மட்டும் இருந்தால் ஏறத்தாழ 1962க்குப் பிந்தியது. வெற்று வளையத்தில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் பெயரோ அதன் முதலெழுத்துகளோ இருக்கும். அதனருகில் காதுமடல் போல் வளைந்த சிறு குறி ஒன்று தெரிந்தால், அது பிளாஸ்டிலைட் ஆலையில் அச்சானது. 1966இல் புளூ நோட் லிபர்ட்டி நிறுவனத்தின் கைக்குப் போனபின் அக்குறி மறைந்துவிட்டது. மிஞ்சிய பழைய லேபிள்களை லிபர்ட்டியும் ஒட்டியது என்பதால், லேபிள் பழையதாக இருந்து காதுக் குறி இல்லாவிட்டால் அது பின்னாளில் அச்சான படி என்று கொள்ளலாம். ஆகவே ஓர் அடையாளத்தை மட்டும் கண்டு மகிழ்ந்துவிடாமல், எல்லா அடையாளங்களும் ஒரே காலத்தைச் சுட்டுகின்றனவா என்று ஒத்துப்பாருங்கள்.

லேபிளில் தென்னாப்பிரிக்கத் தயாரிப்பு என்ற வரி இருந்தால், அமெரிக்க ஒலிப்பதிவாயினும் அது உரிமம் பெற்று இங்கே அச்சிட்டது. பொதுவாக அமெரிக்க முதல் அச்சைவிட மலிவு. உள்நாட்டுத் தட்டுகளுக்குக் காலம் குறிக்க நம் நாட்டுக்கே உரிய இரு வழிகள் உண்டு. ராண்ட் நாணயம் 14 பிப்ரவரி 1961இல் வந்தது. கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு ஷில்லிங்கில் இருந்தால் அந்தப் படி அதற்கு முன்போ அதையொட்டியோ விற்றது. நான்கிலக்க அஞ்சல் குறியீட்டெண் 1973 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. 1968இல் வெளியான தட்டின் உறையில் நிறுவன முகவரியோடு அந்த எண் இருந்தால், அது முதல் அச்சாக இருக்க முடியாது. பழைய கிரே தெருக் கடைகளின் சீட்டுகளைச் சுரண்டி எடுக்காதீர்கள். காலம் காட்டும் சான்று போவதோடு உறையின் மேல்தாளும் கிழிந்து வரும்.

அடுத்தது நிலை. பெரும்பாலான ஏமாற்றங்கள் இங்கேதான் நேர்கின்றன. தட்டை ஒற்றை விளக்கின் கீழே சாய்த்துப் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். குழல்விளக்கின் பரவலான ஒளியில் கீறல்கள் ஒளிந்துகொள்ளும். தென்படும் கீறல்மேல் நகநுனியை மென்மையாக நகர்த்துங்கள். நகம் தட்டினால், தட்டின் மேல் ஓடி இசையை எழுப்பும் முள்ளும் தட்டும். நடுத்துளையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள் பின்னிக் கிடந்தால், அந்தத் தட்டு பலமுறை போடப்பட்டிருக்கிறது. கண்ணுக்கு எளிதில் பிடிபடாத சேதம் ஒன்றும் உண்டு. பழைய ரேடியோகிராம்களின் முள் இன்றைய முள்ளைவிடப் பல மடங்கு பாரத்தோடு தட்டில் அழுந்தி வரித்தடத்தின் சுவரைத் தேய்த்தது. பளபளப்பு குன்றிச் சாம்பல் பூத்த சாயல் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். முடிந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டைப் போட்டுக் கேளுங்கள். சாக்ஸபோன் உரத்து எழும் இடத்தில் ஒலி கரகரத்துச் சிதைந்தால், எவ்வளவு கழுவினாலும் அது திரும்பாது.

சேகரிப்போர் நிலையை மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட் என்று தரம் பிரிக்கிறார்கள். நியர் மின்ட் நூறு பெற்றால் வெரி குட் பிளஸ் ஏறத்தாழ ஐம்பதும், வெரி குட் இருபத்தைந்தும் பெறும் என்பது சந்தையில் வழங்கும் தோராயக் கணக்கு. தட்டுக்கும் உறைக்கும் தனித்தனியே தரம் சொல்ல வேண்டும். விலையறிய டிஸ்காக்ஸ், பாப்சைக் போன்ற இணையத் தளங்களில் உண்மையில் விற்ற விலைகளைப் பாருங்கள். விற்பவர் கேட்கும் விலை வெறும் ஆசையாகவும் இருக்கலாம். அங்கே காணும் டாலர், பவுண்டு விலை வெளிநாட்டு வாங்குபவருடையது. அஞ்சல் செலவும் தளத்தின் தரகும் போக மிஞ்சுவதே உங்கள் கணக்கு. நல்ல மறுபதிப்பு வெளிவந்தால், சுமாரான நிலையில் உள்ள பழைய படிகளின் விலை சற்றுத் தளர்வதும் உண்டு.

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள் தனி உலகம். இந்நாட்டில் அவை 1960களிலும் விற்பனையில் இருந்தன. அவற்றின் அரக்குக் கலவை சாராயத்தில் கரையும் என்பதால், எல்பி எனப்படும் நீண்ட நேரத் தட்டுகளுக்கான ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைக்கவே கூடாது.

டர்பனின் கடற்காற்று ஈரம் உறையில் பூஞ்சையை விரைவில் ஏற்றிவிடும். வாங்கிவந்த தட்டைப் பழைய உள்ளுறையிலிருந்து எடுத்துக் கழுவிப் புதிய உறையிலிட்டு, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் நிமிர்த்தி அடுக்குங்கள். படுக்கவைத்தால் பாரத்தால் வளையும். பழைய உள்ளுறையை எறிந்துவிடாமல் தனியே வையுங்கள், அதுவும் அச்சுக்காலத்துக்குச் சான்று. குடும்பத்தாரிடம் நேரடியாக வாங்கும்போது, பெட்டியில் விலைமதிப்புள்ள தட்டு இருப்பதைக் கண்டால் அதைச் சொல்லி, உரிய விலை கொடுத்தே வாங்குங்கள். யாரிடம், எந்த ஊரில், எந்த ஆண்டில் வாங்கியது என்பதை வெற்று வளைய எண்ணோடு ஒரு நோட்டில் எழுதிவைத்தால், பின்னால் விற்க நேரும்போது வாங்குபவர் அதையும் மதிப்பார்.