சாலிட் சர்ஃபேஸ் ஜாயிண்ட்: கோடு தெரியாமல் ஒட்டுவது எப்படி?

சாலிட் சர்ஃபேஸ் பலகையில் செய்த சமையல் மேடையில் ஜாயிண்ட் கோடு தெரிந்தால் எல்லோரும் பசையைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் தப்பு பசையைத் திறப்பதற்கு முன்பே நடந்திருக்கும். விளிம்பு நேராக இருக்காது, அல்லது சரியாகத் துடைத்திருக்க மாட்டார்கள். அதைத் தாண்டினால் கிளாம்ப்பை (இரண்டு துண்டுகளைச் சேர்த்து இறுக்கும் திருகுப் பிடியை) முறுக்கும்போது கெட்டுப்போகும். இந்த மூன்றையும் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதுகிறேன்.

பொருளைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். அக்ரிலிக் பிசினில், எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அலுமினியம் டிரைஹைட்ரேட் பொடி கலந்து வார்த்த பலகை இது. 1967-ல் டூபாண்ட் உருவாக்கிய கோரியன்தான் இந்த வகையில் முதலாவது. மேலிருந்து அடிவரை ஒரே நிறம் என்பதால்தான் ஒட்டித் தேய்த்தால் ஒரே பலகைபோல ஆகிறது. மேடைக்கு 12 மி.மீ., குளியலறைச் சுவருக்கு 6 மி.மீ. வாங்குங்கள். ஒட்டப்போகும் ஷீட்களின் பேட்ச் எண் (ஒரே தடவையில் வார்த்தவை என்பதைக் காட்டும் எண்) ஒன்றாக இருக்க வேண்டும். வேறு பேட்ச் என்றால் நிறம் லேசாக மாறும், எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் மறையாது.

ஜாயிண்ட் எங்கே வரலாம்?

சிங்க், அடுப்புத் துளைகளின் மூலையிலிருந்து குறைந்தது 75 மி.மீ. தள்ளி வரட்டும். பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு மேல் வேண்டாம், அங்கே சூடும் ஆவியும் ஓயாது. எல் வடிவ மேடையில் உள்மூலையிலேயே ஜாயிண்ட் போடாதீர்கள். மூலையை 12 மி.மீ. ஆரத்தில் வளைத்து, அதிலிருந்து 25 மி.மீ. தள்ளி ஒட்டுங்கள். கூர்மூலையில்தான் விரிசல் தொடங்கும்.

கண்ணாடி வெட்டு

வட்ட ரம்பத்தில் வெட்டிய விளிம்பை அப்படியே ஒட்டக்கூடாது. இரண்டு விளிம்பும் கண்ணாடிப் பிம்பம்போலப் பொருந்த, ஒன்றாகச் சேர்த்துச் சீவ வேண்டும். இரண்டு ஷீட்டையும் ஒரே மேசையில் எதிரெதிராக வைத்து, நடுவே 9 மி.மீ. இடைவெளி விட்டு, அசையாமல் கட்டிவிடுங்கள். இப்போது 12 மி.மீ. கார்பைட் பிட் (வெட்டுமுனை) போட்ட ரூட்டரை (சுழலும் முனையால் சீவும் கைக்கருவியை) நேர்ச்சட்டத்தை ஒட்டி அந்த இடைவெளியில் ஒரே ஓட்டமாக ஓட்டுங்கள். இரு பக்கமும் ஒன்றரை மி.மீ. வீதம் சீவப்படும். சட்டம் துளி வளைந்திருந்தாலும் கவலையில்லை. ஒரு விளிம்பில் மேடு விழுந்த இடத்தில் மற்றதில் பள்ளம் விழுந்திருக்கும், இரண்டும் பொருந்திக்கொள்ளும்.

நான் சொல்வது, இந்த ஒரு வேலைக்கென்றே ஒரு புது பிட் வைத்துக்கொள்ளுங்கள். மழுங்கிய பிட் விளிம்பைச் சில்லு சில்லாகப் பெயர்க்கும், அந்தச் சில்லுகள்தான் பிறகு வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். பசையில்லாமல் சேர்த்துப் பாருங்கள். அடியில் விளக்கைக் காட்டினால் வெளிச்சம் கசியக்கூடாது.

துடைப்பது

சாயமில்லாத வெள்ளைத் துணி, ஸ்பிரிட். துணி கறுக்காமல் வரும்வரை, ஒவ்வொரு முறையும் புதுப் பக்கத்தால் துடையுங்கள். பென்சில் கோடு, கைரேகை எது மிஞ்சினாலும் ஜாயிண்ட்டுக்குள் கருங்கோடாகச் சிக்கிக்கொள்ளும். துடைத்தபின் விரல் படவே கூடாது.

ஒட்டுவது

ஜாயிண்ட்டுக்கு அடியில் பேக்கிங் டேப் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பலகை மேசையோடு ஒட்டிக்கொள்ளும். ஷீட்களை 3 மி.மீ. விலக்கி வையுங்கள்.

பசையும் அதை இறுகவைக்கும் பொருளும் 10:1 கலவையில் வரும் இரட்டைக் குழல் இது. இரண்டையும் கலந்து வெளிவிடும் கலவை மூக்கை மாட்டுமுன் இரண்டு குழலிலிருந்தும் வருகிறதா என்று பாருங்கள். மாட்டியபின் முதலில் வரும் கொஞ்சத்தைக் கழிவு அட்டையில் விட்டுவிடுங்கள். அது சரியாகக் கலந்திருக்காது, விழுந்த இடம் இறுகாமல் மெத்தென்றே கிடக்கும். 600 மி.மீ. நீள ஜாயிண்ட்டை நிரப்ப 22 மில்லிக்குள் போதும். மூக்கை அடிவரை விட்டு, பசைக்குள்ளேயே வைத்து நகர்த்தினால் காற்றுக் குமிழி சிக்காது. பிறகு மெதுவாகச் சேருங்கள்.

கிளாம்ப் பிடிக்க, ஜாயிண்ட்டின் இரு புறமும் சிறு மரக்கட்டைகளை ஹாட் குளூவால் (உருக்கி ஒட்டும் பசையால்) ஒட்டி, ஜோடி ஜோடியாக இழுக்க வேண்டும். இறுக்கி முறுக்காதீர்கள். விளிம்பு முழுக்கப் பசை மணிமணியாகப் பிதுங்கியதும் நிறுத்துங்கள். உள்ளே முக்கால் மி.மீ. அளவு பசை தங்கியாக வேண்டும். எல்லாம் வெளியேறினால் பார்வைக்கு அழகாக இருக்கும், மேடையைத் தூக்கும்போது உடையும்.

பிதுங்கிய பசையை ஈரத்தோடு துடைக்கவும் கூடாது. இறுகும்போது பசை சுருங்கும். மேலே கரைபோல நிற்கும் பசைதான் அந்தப் பள்ளத்தை நிரப்புகிறது. துடைத்தால் ஜாயிண்ட் நெடுகப் பள்ளம் விழும். சாதாரண அறை வெப்பத்தில் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் விடுங்கள். பிதுங்கிய மணியை நகத்தால் நெம்பினால் ‘டிக்’ என்று தெறிக்க வேண்டும். நசுங்கினால் இன்னும் காத்திருங்கள்.

தேய்ப்பது

கரையை ரூட்டரால் மேல்தளத்துக்கு ஒரு மயிரிழை மேலேயே நிறுத்திச் சீவிவிட்டு, சுற்றுச் சாண்டரில் (சுழன்று தேய்க்கும் இயந்திரத்தில்) 120, 180, 320 எண் உப்புத்தாள் என்று வரிசையாகத் தேயுங்கள். பெல்ட் சாண்டர் வேண்டவே வேண்டாம், பள்ளம் தோண்டிவிடும். ஜாயிண்ட்டை மட்டும் தேய்த்தாலும் பள்ளம்தான், இரு புறமும் ஓரடி சேர்த்துத் தேயுங்கள். முகக்கவசம் கட்டாயம். கடைசியில், ஜாயிண்ட்டுக்கு அடியில் 100 மி.மீ. அகலத்தில் அதே பொருள் பட்டையை அதே பசையால் ஒட்டுங்கள்.

குளியலறைச் சுவர்

6 மி.மீ. பலகைக்குப் பின்னால் சிமெண்ட் போர்டு போன்ற, நீர் தாங்கும் சமதளம் வேண்டும். சிலிகானைச் செங்குத்துக் கோடுகளாக இட்டு, நடுநடுவே ஹாட் குளூ பொட்டு வைத்து அழுத்துங்கள். சிலிகான் இறுகும்வரை அந்தப் பொட்டுதான் பலகையைப் பிடித்திருக்கும். உள்மூலைகளில் கெட்டியாக இறுகும் ஜாயிண்ட் பசை போடாதீர்கள், 3 மி.மீ. இடைவெளி விட்டு சிலிகான் நிரப்புங்கள். 3 மீட்டர் பலகை 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் ஏறத்தாழ 3 மி.மீ. நீளும், அதற்கு இடம் வேண்டும். மேடை சுவரைத் தொடும் இடத்துக்கும் இதே கணக்குதான். குழாய்த் துளையைக் குழாயைவிட 6 மி.மீ. பெரிதாகப் போட்டு, விளிம்பை உப்புத்தாளால் மழமழப்பாக்குங்கள்.

பின்னர் சேர்த்தது: கிளாம்ப் பிடிக்க ஒட்டிய மரக்கட்டையைச் சுத்தியலால் தட்டி எடுத்தால் மேல்தளம் பெயர்ந்து வந்துவிடும். கட்டையின் அடியோரம் ஸ்பிரிட்டை ஊற்றி அரை நிமிடம் பொறுங்கள், ஹாட் குளூ பிடியை விட்டுவிடும். ஸ்பிரிட் தீப்பற்றும், பக்கத்தில் நெருப்பு கூடாது. பசை இறுகவே இல்லை என்றால் முதலில் ஷீட்டைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த கிடங்கிலிருந்து எடுத்து வந்த பலகையை ஓர் இரவு முழுக்க வேலை செய்யும் அறையிலேயே வைத்துவிட்டு ஒட்டுங்கள்.