முதல் பழைய ராணுவ ரைஃபிள் வாங்குவதற்கு முன்

அமெரிக்காவில் குடியேறிவிட்ட நம்மவர்கள் பழைய ராணுவ ரைஃபிள் சேகரிக்க ஆசைப்பட்டால், இஷாப்பூர் என்ஃபீல்டில் தொடங்கச் சொல்வேன். என்ஃபீல்ட் என்பது பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள் வகை. வங்காளத்தில் உள்ள இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. ஊரில் காவல் நிலைய வாசலில் பாரா நிற்பவர் தோளில் பார்த்திருப்போமே, அந்த த்ரீ நாட் த்ரீ குடும்பம்தான்.

வாங்கும் முன் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்க வேண்டும். தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாக அனுமதி இல்லை. 50 ஆண்டு கடந்த, அசல் நிலையில் உள்ள துப்பாக்கிகளுக்கென்று 'சி அண்ட் ஆர்' என்ற சேகரிப்பாளர் உரிமம் உண்டு. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், மூன்று ஆண்டுக்கு 30 டாலர். வேறு மாநிலத்திலிருந்தும் வீட்டுக்கே வரவழைக்கலாம். ஆனால் வாங்குவதையும் விற்பதையும் பதிவேட்டில் எழுத வேண்டும்; இதை வைத்து வியாபாரம் செய்யக் கூடாது. சில மாநிலங்களின் விதி இன்னும் கடுமை, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, ரைஃபிள் கையில் வந்ததும் என்ன பார்ப்பது? இஷாப்பூரில் இரண்டு வகை அதிகம் கிடைக்கும். ஒன்று .303. இன்னொன்று சீனப் போருக்குப் பிறகு வந்த 2ஏ, 2ஏ1, இவை 7.62 நேட்டோ தோட்டாவுக்கானவை, மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) சதுரமாக இருக்கும். ஒன்றின் தோட்டாவை மற்றதில் போடவே கூடாது. ரைஃபிளின் மரக்கட்டையின் முன்பகுதியில் குறுக்கே ஒரு திருகாணி தெரிந்தால் பயப்படாதீர்கள். கட்டை பிளக்காமல் இருக்கத் தொழிற்சாலையே போட்டது.

போல்ட்டில் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) உள்ள எண்ணும் ரிசீவரில் (அந்தத் தண்டு ஓடும் உலோக உடல்) உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால் மட்டுமல்ல, ஒன்றாகவே இருந்தாலும் சுடுவதற்கு முன் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து ஹெட்ஸ்பேஸ், அதாவது பூட்டிய போல்ட்டுக்கும் உள்ளே உட்கார்ந்த தோட்டாவுக்கும் உள்ள இடைவெளி, சரியா என்று அளந்துவிடுங்கள். அப்புறம் போல்ட்டைக் கழற்றி, குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். உள்சுவரில் சுருளாக ஓடும் வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். கருமை தேய்த்தால் போகும், குழி விழுந்தது போகாது.

கட்டையை மட்டும் தயவுசெய்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளவென்று வார்னிஷ் அடித்த என்ஃபீல்டுகளைக் கண்காட்சிகளில் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. அந்த மரத்தில் இருந்த தொழிற்சாலை முத்திரையும், பழுது பார்த்த அடையாளமும், சிப்பாய்களின் கை பட்ட கறையும் ஒரே மதியத்தில் போய்விடும், விலையும் சரியும். பழைய கிரீஸ் அப்பியிருந்தால் மினரல் ஸ்பிரிட் (பெயின்ட் கரைக்கும் திரவம்) நனைத்த துணியால் துடைத்தாலே போதும். நெருப்புப் பக்கத்தில் வேண்டாம்.

பழைய ராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் அடிப்பகுதி), சுட்டபின் குழலில் உப்பை விட்டுப் போகும். அது காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவாக்கும். எண்ணெய்க்கு அந்த உப்பு கரையாது, தண்ணீருக்குத்தான் கரையும். அதனால் சுட்ட அன்றே குழலில் சுடுநீர் ஊற்றி, போல்ட் முகத்தையும் கழுவி, நன்றாக உலர்த்தி, பிறகு எண்ணெய் தடவுங்கள். புதுத் தோட்டா வாங்க வசதியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

ரைஃபிளைப் பூட்டிய பெட்டியில் வையுங்கள், தோட்டாவைத் தனியே இன்னொரு பூட்டுக்குள். ஊருக்குக் கொண்டுபோய்க் காட்டும் எண்ணம் வேண்டாம்; .303 இந்தியாவில் தனியாருக்குத் தடை செய்யப்பட்ட ரகம்.